நேர்காணலா? சாதிக்காணலா?

"ஊர்ல எந்தப் பக்கம் தம்பி?"

மூணு வருசம் படித்து, இரண்டு கட்ட எழுத்துத் தேர்வைத் தாண்டிப் போய் உட்கார்ந்த அறையில், என்னிடம் தமிழில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி இதுதான். நிதித் துறையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு ஒன்றின் அதிகாரிப் பணிக்கு நேர்காணல். அமைப்பின் பெயர் வேண்டாம். எதிரே ஐந்து பேர். நாலு பேர் ஆங்கிலத்தில் பணவீக்கம், வட்டி விகிதம், வாராக்கடன் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். ஐந்தாமவர் நம்ம மொழிக்காரர். அதுவரை வாய் திறக்காதவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே தமிழுக்கு வந்தார்.

எந்தப் பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கா தெரியாது? ஊரா, சேரியா? என் சாதி விண்ணப்பத்திலேயே இருக்கிறது. காகிதத்தில் இருந்தால் அவருக்குப் போதாது, என் வாயிலிருந்து வரவேண்டும். "காலனி சார்" என்றேன். "ஓ, சரி சரி" என்றார். அந்த 'சரி சரி'க்குப் பிறகு ஒருத்தரும் பொருளாதாரம் கேட்கவில்லை. அப்பா என்ன பண்றார், இந்த வேலையின் அழுத்தத்தைத் தாங்குவீர்களா, அவ்வளவுதான். தமிழுக்கு இடமே இல்லாத அந்த அறையில் சாதி கேட்க மட்டும் தமிழ் வந்தது!

பிறகு மதிப்பெண் வந்தது. எழுத்துத் தேர்வில் பொதுப்பிரிவின் கட்-ஆஃபையே தாண்டியிருந்தேன். நேர்காணலில் என்னைக் கவிழ்த்திருந்தார்கள்.

இது என் சொந்த ஒப்பாரி அல்ல தோழர்களே. இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த ரிசர்வ் வங்கியின் 'கிரேடு பி' அதிகாரித் தேர்வின் விதிகளையே எடுத்துக்கொள்வோம். முதல் கட்டம் வடிகட்ட மட்டும். இரண்டாம் கட்டத்தில் பொருளாதார, சமூகப் பிரச்சினைகள், ஆங்கிலம், நிதியும் மேலாண்மையும் என மூன்று தாள்கள், 300 மதிப்பெண். நேர்காணலுக்கு 75. ஆக, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு நாலைந்து பேரின் கையில். ஓரிரு மதிப்பெண்ணில் தலையெழுத்து மாறும் தேர்வு இது. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும். நேர்காணலும் இந்தி அல்லது ஆங்கிலம். சர்க்கார் பள்ளியில் தமிழில் படித்த சேரிப் பிள்ளை, தேர்வு தொடங்குமுன்பே பாதித் தூரம் பின்னால் நிற்கிறது. இதற்குப் பெயர் தகுதியாம், திறமையாம்!

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். நேர்காணல் ஊழலுக்கு வழி வகுக்கிறது என்று சொல்லித்தான் மத்திய அரசு 2016 சனவரி 1 முதல் தன் கீழ்மட்டப் பணிகளுக்கு அதை ஒழித்தது. அதிகாரிப் பணிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. ஏன்? கீழே இருக்கும்போது ஊழலாக இருப்பது மேலே ஏறினால் புனிதமாகிவிடுமா? கடைநிலை ஊழியனாக யார் வந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்பதில்தான் கவலை.

நேர்காணலும் போதவில்லை போலிருக்கிறது. 2024 ஆகஸ்டில், தேர்வே இல்லாமல் நேரடியாக வெளியாட்களை உயர் பதவிகளில் அமர்த்த 45 இடங்களுக்கு யூ.பி.எஸ்.சி. விளம்பரம் கொடுத்தது. அதில் இட ஒதுக்கீடு இல்லை. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் வாபஸ் வாங்கினார்கள். கத்தினால் நடக்கிறது என்பதற்கு இது சாட்சி.

நம்ம தோழர் ஒருத்தர் என்னைக் கேட்டார்: "அந்த முதலாளித்துவ எந்திரத்துக்குள்ள போயி என்னத்தைக் கிழிக்கப் போற?" சொல்கிறேன். வங்கிகள் தரும் கடனில் 40 விழுக்காடு முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும். 12 விழுக்காடு நலிந்த பிரிவினருக்குப் போக வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அந்தப் பிரிவில் வருகிறார்கள். இதை வகுப்பதும், வங்கி கொடுத்ததா இல்லையா என்று கணக்குப் பார்ப்பதும் ரிசர்வ் வங்கி. மாடு வாங்க நூறு தடவை வங்கிக்கு அலைந்து, கடைசியில் கந்துவட்டிக்காரனிடம் போகும் நம்ம அம்மாவின் கதை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வரும்? அந்த அலைச்சல் தெரிந்தவன் அங்கே இருந்தால்தான் அந்தக் கேள்வி எழும். வேலை கேட்பது சம்பளத்துக்கு மட்டுமல்ல, கணக்குக் கேட்கும் அதிகாரத்துக்கு.

இந்த அதிகாரம் நமக்கு அந்நியமும் அல்ல. ரிசர்வ் வங்கியை அம்பேத்கர்தான் உண்டாக்கினார் என்று மேடைகளில் பேசுகிறோம். அவ்வளவு தூரம் மிகைப்படுத்த வேண்டியதில்லை, உண்மையே போதும். ரூபாயின் சிக்கல் குறித்து 1923இல் அவர் நூல் எழுதினார். 1925இல் ஹில்டன் யங் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். மத்திய வங்கி வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1934இல் சட்டம் வந்தது, 1935 ஏப்ரல் 1இல் வங்கி திறந்தது. ரூபாயைப் பற்றி அந்தக் குழுவுக்கே பாடம் எடுத்தவரின் பிள்ளைகளிடம் "எந்தப் பக்கம்" என்று கேட்கிறார்கள்!

ஆகவே, விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளே, விதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். சாதிச் சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில், பெயரில் ஓர் எழுத்தும் மாறாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் தாலுகா ஆபீசில் நிற்காதீர்கள். வயது, கல்வித் தகுதி, எத்தனை முறை எழுதலாம் என்பவற்றில் தளர்வு பெறாமல் பொதுப் போட்டியில் ஜெயித்தவரை இட ஒதுக்கீட்டு இடத்தில் அடைக்கக் கூடாது. அவருக்குப் பொது இடம்தான். இது அரசின் விதி, யாருடைய சலுகையும் அல்ல. தேறினாலும் தவறினாலும் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மதிப்பெண்ணைக் கேளுங்கள், இடச் சுழற்சிப் பதிவேட்டைக் கேளுங்கள். தேசிய பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கு எழுதுங்கள். விசாரணையில் அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்களை அரசியல் சட்டத்தின் 338ஆவது பிரிவு தந்திருக்கிறது.

அமைப்புகளுக்கு ஒரு வார்த்தை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையைப் 'பிழைப்புவாதி' என்று கேலி செய்வதை நிறுத்துங்கள். நேர்காணலை ஒழி, இல்லையென்றால் அதை முழுக்கப் பதிவு செய்து கேட்டவருக்குக் கொடு; ஒவ்வொரு பிரிவினரும் எழுத்தில் எவ்வளவு, நேர்காணலில் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடு; தேர்வைத் தமிழில் நடத்து. இவற்றை நம் கோரிக்கைப் பட்டியலில் முதலில் வையுங்கள்.

நான் மறுபடி எழுதப் போகிறேன். "எந்தப் பக்கம்" என்று எவராவது கேட்டால், இந்தத் தடவை 'சார்' போட மாட்டேன். "நீங்க எந்தப் பக்கம்?" என்று அதே தமிழில் திருப்பிக் கேட்பேன்.