நெரிசல் மரணங்களும் பத்தாண்டுச் சிறையும்

2025 ஜூன் 4-ஆம் தேதி மாலை, பெங்களூரு சின்னசாமி விளையாட்டரங்கின் வாயில்களில் 11 பேர் மிதிபட்டும் மூச்சுத் திணறியும் இறந்தனர். முந்தைய நாள் இரவு ஆமதாபாதில் ராயல் சாலஞ்சர்ஸ் அணி 18 ஆண்டுகளில் முதல் முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றிருந்தது. சுமார் 35 ஆயிரம் பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கை நோக்கி லட்சக்கணக்கானோர் திரண்டனர். இறந்தவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவரும் இருந்தார். அந்தச் சாவுகளின் எதிரொலியாகக் கர்நாடக அரசு கொண்டுவந்ததுதான் கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா. மசோதாவின் நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. அது விதிக்க முனையும் தண்டனையும், அந்தத் தண்டனைக்கு உரியவர் யார் என்பதில் அது காட்டும் மௌனமும்தான் கவலையளிக்கின்றன.

அந்த ஜூன் மாதமே வெளியான முதல் வரைவில், அனுமதி பெறாமலோ விதிகளை மீறியோ நிகழ்ச்சி நடத்துவோருக்கு அதிகபட்சம் 3 ஆண்டுச் சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம் என்றிருந்தது. ஆகஸ்டில் பேரவையில் அறிமுகமானபோது அது முற்றிலும் வேறு உருவம் பெற்றுவிட்டது. அனுமதியின்றி நடத்தினால் 3 முதல் 7 ஆண்டுச் சிறை, அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. உயிரிழப்பு நேர்ந்தால் 10 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் நீளலாம். இரண்டு மாதங்களில் 3 ஆண்டு ஆயுளாக வளர்ந்ததற்கு என்ன காரணம்? புதிய ஆய்வு எதையும் அரசு அவையின் முன் வைத்து வாதிட்டதாகத் தெரியவில்லை. மக்களின் கோபம் ஆறுவதற்குள் கடுமையைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் தெரிகிறது.

இந்தத் தண்டனையின் கனத்தை அறிய, நாட்டின் பொதுக் குற்றவியல் சட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மனிதச் சாவுக்குக் காரணமாகும் குற்றங்களை நமது சட்டம் மனநிலையின் அடிப்படையில் தரம் பிரிக்கிறது. கொல்லும் எண்ணத்தோடு செய்வது ஒன்று. சாவு நேரக்கூடும் என அறிந்தே செய்வது இன்னொன்று. இதைக் கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்கிறோம். அறியாமல், ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டிய கவனத்தை எடுத்துக்கொள்ளாமல் செய்வது மூன்றாவது. 1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டபோது இந்த மூன்றாவது வகை அதில் விடுபட்டிருந்தது. 1870-இல்தான் 304-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. அந்த 2 ஆண்டு, ஒன்றரை நூற்றாண்டு காலம் மாறவேயில்லை.

அதன் விளைவை நாடு போபாலில் கண்டது. 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட விஷவாயுக் கசிவில், நிறுவன அதிகாரிகள் மீதான குற்றச்சாட்டை 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியிலிருந்து 304-ஏ பிரிவுக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் இறக்கியது. 2010 ஜூனில் வந்த தீர்ப்பில் கிடைத்தது இரண்டாண்டுச் சிறை. அதுவும் உடனடி ஜாமீனோடு. அதே உச்ச நீதிமன்றத்தில் மத்திய புலனாய்வுத் துறை தொடுத்த சீராய்வுக்குப் பிந்தைய மனு 2011-இல் தள்ளுபடியானது. தில்லி உப்ஹார் திரையரங்கத் தீயில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் மாண்டனர். அந்த வழக்கு 2015-இல் வந்து நின்ற இடம், உரிமையாளர்களுக்கு மேற்கொண்டு சிறை இல்லை, தலா 30 கோடி ரூபாய் அபராதம் என்பது. கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய 2004 ஜூலை 16-க்கும் தஞ்சை நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே 10 ஆண்டுகள் ஓடின. ஆகவே, அலட்சியச் சாவுகளுக்கான சட்டம் பலவீனமாக இருந்தது என்ற ஆதங்கம் நியாயமானதே. மும்பை கார்ட்டர் சாலையில் 2006-இல் நடைபாதையோரம் உறங்கிய 7 தொழிலாளர்கள் காரேறி மாண்ட வழக்கில், விசாரணை நீதிமன்றம் 304-ஏ பிரிவின் கீழ் ஆறு மாதச் சிறை தந்தது. உயர் நீதிமன்றம் அதை 304-இன் இரண்டாம் பகுதிக்கு உயர்த்தி மூன்று ஆண்டுகளாக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோதுதான், ஏறி மிதித்துவிட்டு அலட்சியம் என்று தப்பிக்கும் வழி கொஞ்சம் அடைபட்டது.

2023-இல் நாடாளுமன்றம் இதைச் சரிசெய்ய முற்பட்டது. பாரதிய நியாய சம்ஹிதையின் முதல் வடிவில் அலட்சியச் சாவுக்கு 7 ஆண்டு முன்மொழியப்பட்டது. உள்துறை நிலைக்குழு அதை 5 ஆகக் குறைக்கச் சொன்னது, அப்படியே ஆயிற்று. மருத்துவர்களுக்கு 2 ஆண்டு எனத் தனிச் சலுகை கடைசி நேரத்தில் நுழைந்தது. விபத்தை விளைவித்துவிட்டுத் தகவல் தராமல் தப்பியோடும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு என்ற 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் நிறைவேறியது. அந்த டிசம்பர் கூட்டத்தொடரில் எதிர்க்கட்சியினர் 146 பேர் இரு அவைகளிலிருந்தும் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். பாதி காலியான அவையில் கேட்கப்படாத கேள்விகளை, 2024 ஜனவரி முதல் தேதி லாரி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலையில் கேட்டார்கள். இரண்டே நாளில் உள்துறைச் செயலர் அவர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 1-இல் புதிய சட்டம் முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, அந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய தண்டனை ஒன்றை அரசாணை வெளியிடாமல் அரசே ஓரங்கட்டிய காட்சி, கர்நாடகத்துக்கும் ஒரு பாடம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பொதுச் சட்டப்படி அலட்சியத்தால் சாவு நேர்ந்தால் அதிகபட்சம் 5 ஆண்டு. சாவு நேரும் என அறிந்தே செய்தால் 105-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 10 ஆண்டு; குறைந்தபட்சம் என எதுவும் இல்லை. கர்நாடக மசோதாவிலோ, நிகழ்ச்சி அமைப்பாளருக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. அறிந்து செய்தவனுக்கு உச்சவரம்பாக இருப்பது, கூட்டம் நடத்தியவனுக்குத் தொடக்கப் புள்ளியாகிறது. நீதிபதிக்கு மனநிலையை எடைபோடும் இடம் சுருங்குகிறது. தண்டனை அதிகமானால் நிரூபணத்தின் அளவுகோலும் கடுமையாகும். கடைசியில் விடுதலைதான் மிஞ்சும் என்பது குற்றவியல் வழக்குகளின் பழைய அனுபவம்.

இது வெறும் நீதிமன்றச் சிக்கல் மட்டுமல்ல. குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியலில் முதலாவதாக உள்ள பொருள். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் செல்ல வேண்டுமானால், அரசியலமைப்புச் சட்டத்தின் 254-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கோப்பு உள்துறை அமைச்சகம் வழியே போய்த் திரும்பும் வேகத்தைத் தலைநகரில் உள்ளவர்கள் அறிவார்கள். ஆந்திரத்தின் திஷா மசோதா 2019 டிசம்பரில் ஆரவாரத்தோடு நிறைவேறியது, ஒப்புதல் கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தின் அபராஜிதா மசோதா 2024 செப்டம்பரில் ஒருமனதாக நிறைவேறியது. தண்டனைகள் அளவுக்கு மீறியவை என்ற மத்திய அரசின் ஆட்சேபத்தோடு 2025 ஜூலையில் ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். இவற்றில் அரசியல் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அளவு மீறிய தண்டனையை எழுதிவைத்து, ஒப்புதல் தராத தில்லியின் மீது பழிபோடுவது மாநிலங்களுக்கு ஒரு சௌகரியமாகவே ஆகிவிட்டது.

சின்னசாமி அரங்க விவகாரத்தில் யார் அமைப்பாளர்? இந்தக் கேள்விக்கு இன்றளவும் ஆளுக்கொரு பதில். அணி நிர்வாகம் காவல் துறையின் அனுமதியின்றிச் சமூக வலைத்தளத்தில் அழைப்பு விடுத்தது என்று அரசு உயர் நீதிமன்றத்தில் கூறியது. கப்பன் பூங்கா காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையில் 105-ஆம் பிரிவும் இடம்பெற்றது. அணியின் விளம்பரப் பிரிவு அதிகாரி கைதாகி, ஒரு வாரத்துக்குள் இடைக்கால ஜாமீனில் வந்தார். மறுநாளே மாநகரக் காவல் ஆணையர் தயானந்தா உள்ளிட்ட அதிகாரிகளை அரசு பணியிடை நீக்கம் செய்தது. ஆனால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் ஜூலை முதல் தேதியன்று, திடீரெனக் கூடிய கூட்டத்துக்கு அணியே முதல்நோக்கில் பொறுப்பு, போலீஸார் கடவுளரோ மந்திரவாதிகளோ அல்லர் என்ற பொருளில் கருத்துரைத்தது. அம்மாத இறுதியில் பணியிடை நீக்கமும் விலக்கிக்கொள்ளப்பட்டது. தமிழக வாசகர்களுக்கு 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மூலம் நன்கு அறிமுகமான நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தலைமையிலான ஆணையமோ, அணி, கிரிக்கெட் சங்கம், நிகழ்ச்சி நிறுவனம், காவல் துறை என நால்வரையுமே பொறுப்பாக்கியதாகச் செய்திகள் வந்தன.

அன்றைய தினம் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. அரங்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் விதான சௌதாவின் படிக்கட்டுகளில் வீரர்களுக்குப் பாராட்டு விழா நடத்தியது மாநில அரசேதான். கூட்டத்தை நகரின் மையத்துக்கு இழுத்ததில் அதற்குப் பங்கில்லை என யார் சொல்ல முடியும்? அரசே அமைப்பாளராகும்போது பத்தாண்டுச் சிறை யாருக்கு? முதல்வருக்கா, தலைமைச் செயலருக்கா, மேடை போட்ட பொதுப்பணித் துறைக்கா? மசோதா இதற்கு விடை சொல்லியாக வேண்டும். அனுமதி கொடுத்த அதிகாரியின் பொறுப்பைப் பற்றியும் அதே தெளிவு தேவை. அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர முன் அனுமதி வேண்டும் என்ற பழைய கவசத்தைப் புதிய நடைமுறைச் சட்டம் ஓரளவு தளர்த்தியிருக்கிறது. 120 நாள்களில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அதைப் பயன்படுத்தும் துணிவு வேண்டும்.

பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் படை உண்டு. ஜீவனஹள்ளியில் அம்மன் திருவிழா நடத்தும் இளைஞர் குழுவுக்கு யார் இருக்கிறார்கள்? காக்ஸ் டவுன், மாருதி சேவா நகர், ஜீவனஹள்ளி எனத் தமிழர் கணிசமாக வாழும் கிழக்குப் பெங்களூருவின் நெருக்கமான தெருக்களில், ஆடி மாதக் கூழ் வார்த்தலும் விநாயகர் ஊர்வலமும் அம்பேத்கர் பிறந்தநாளும் தெருவாசிகளின் வசூலில் நடப்பவை. மசோதாவின்படி 7 ஆயிரம் பேருக்குக் குறைவான கூட்டத்துக்குக் காவல் நிலைய அதிகாரியும், 50 ஆயிரம் வரை துணைக் கண்காணிப்பாளரும், அதற்கு மேல் ஆணையர் அல்லது கண்காணிப்பாளரும் அனுமதி தர வேண்டும். 10 நாள்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முதல் வரைவில் ஜாத்திரை, ரத உற்சவம், உரூஸ் முதலியவற்றுக்கு விலக்கு இருந்தது. நெரிசலில் சாவதற்கு மத வேறுபாடு இல்லை என்பதால் அத்தகைய விலக்கைப் பொதுவாக ஆதரிக்க இயலாது. ஆனால் தெருவோர விழாவையும் கோடிகள் புரளும் கேளிக்கையையும் ஒரே தண்டனைத் தராசில் வைப்பது, உள்ளூர் ஆய்வாளரின் கையில் ஒரு சாட்டையைக் கொடுப்பதாகவே முடியும். போராட்டம் நடத்தும் தொழிற்சங்கங்களுக்கும் அதே சாட்டைதான். அப்போதைய உள்துறை அமைச்சர் பரமேஸ்வரா, அவையில் எழுந்த ஆட்சேபங்களை ஏற்று மசோதாவை அவைக் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப இசைந்தது பாராட்டத்தக்கது.

நெரிசல் சாவு பெங்களூருவின் தனிப்பட்ட துயரமல்ல. ஹாத்ரஸில் 2024 ஜூலை 2 அன்று 121 பேர் மாண்டனர். 105-ஆம் பிரிவில் வழக்குப் பதிவானது, சொற்பொழிவாற்றிய சாமியாரின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இல்லை. ஹைதராபாத் திரையரங்கில் 2024 டிசம்பரில் ஒரு பெண் இறந்தபோது, அதே பிரிவில் நடிகர் அல்லு அர்ஜுன் கைதாகி அன்றே இடைக்கால ஜாமீன் பெற்றார். புது தில்லி ரயில் நிலையத்தில் 2025 பிப்ரவரி 15 இரவு 18 பேர் இறந்தனர். அங்கே அமைப்பாளர் என்று சுட்ட ரயில்வேயைத் தவிர வேறு யாரும் இல்லை. கரூர் வேலுச்சாமிபுரத்தில் 2025 செப்டம்பர் 27 அன்று தமிழக வெற்றிக் கழகக் கூட்டத்தில் 41 பேர் இறந்ததும், கட்சி நிர்வாகிகள் மீது 105-ஆம் பிரிவு பாய்ந்தது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றம் விசாரணையை மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்து, ஓய்வு பெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. ஒரே பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் ஆளும் கட்சியின் விருப்பத்துக்கேற்ப ஒவ்வொருவர் மீது. அந்தப் பிரிவுக்குத் தேவையான 'அறிந்தே செய்தார்' என்பதை நிரூபிக்கும் தயாரிப்பு எங்கும் தெரிவதில்லை.

வெளிநாடுகளும் இதில் தடுமாறியே கற்றன. 1989 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நெரிசலுக்கு 97 பேர் பலியாயினர். 30 ஆண்டுகள் கழித்து 2019-இல் அன்றைய காவல் பொறுப்பதிகாரி விடுவிக்கப்பட்டார். நிறுவனமே குற்றவாளி என நிற்க வேண்டும் என்பதற்காக அந்நாடு 2007-இல் இயற்றிய சட்டம், மேல்மட்ட நிர்வாகத்தின் அமைப்புக் குறைபாட்டையே குற்றமாக்குகிறது. வரம்பற்ற அபராதம் விதிக்கிறது. அரசுத் துறைகளையும் காவல் படைகளையும் முற்றாக விலக்கவில்லை. தென் கொரியாவின் சோல் நகர இதேவோனில் 2022 அக்டோபரில் 159 பேர் இறந்தனர். அங்கே அமைப்பாளர் என்று எவருமில்லை, தெருவில் தானாகத் திரண்ட கூட்டம். 2024-இல் அப்பகுதிக் காவல் தலைவருக்கே மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆயுள் தண்டனையை அங்கு யாரும் நாடவில்லை. எச்சரிக்கை வந்தும் அசையாத அதிகாரியைத்தான் நாடினார்கள்.

ஆகவே, அவைக் குழுவின் கையில் இருக்க வேண்டிய திருத்தங்கள் எளியவை. குறைந்தபட்சப் பத்தாண்டை நீக்கி, அலட்சியம், பெரும் அலட்சியம், அறிந்து செய்தல் எனப் பொதுச் சட்டத்தின் படிநிலைக்குள்ளேயே தண்டனையைப் பொருத்த வேண்டும். தனிநபரோடு நிறுவனத்தையும், அதன் வருவாய்க்கு ஏற்ற அபராதத்தோடு, பொறுப்பாக்க வேண்டும். அனுமதி தந்தும் ஏற்பாடு செய்யாத அதிகாரிக்கும், விழாவைத் தானே நடத்தும் அரசுத் துறைக்கும் அதே பிரிவு பொருந்தும் என வெளிப்படையாக எழுத வேண்டும். சிறு உள்ளூர் விழாக்களுக்கு அனுமதிக்குப் பதில் முன்தகவல் போதும். இழப்பீட்டுத் தொகையைச் சட்டத்திலேயே வரையறுக்க வேண்டும். சின்னசாமியில் அரசு முதலில் 10 லட்சம் என்றது, எதிர்ப்புக் கிளம்பியபின் 25 லட்சம் என்றது. உயிரின் விலை பத்திரிகையாளர் சந்திப்பில் ஏறி இறங்கக் கூடாது.