ஓடிக் காண்பது கல்விப் பயணமாகுமா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தமிழ்ப்பள்ளிகளிலும் தமிழ்மொழிக் கழகங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் எழுகின்ற வினா ஒன்று உண்டு: "இவ்வாண்டு எங்கே போவது?" உடனே பெயர்கள் அடுக்கப்படுகின்றன. கெந்திங் மலை, கேமரன் மலை, பினாங்குக் கொடிமலை, லங்காவித் தீவு, வழியில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்கா. நாள் இரண்டு, பேருந்து ஒன்று, இடங்களோ ஏழெட்டு. ஒவ்வோரிடத்திலும் அரைமணி நேரம். அதில் பாதி கழிப்பறை வரிசையிலும் மீதி படம் எடுப்பதிலும் கரைகிறது. திரும்பி வந்த மாணாக்கனை "என்ன கண்டாய்?" என்று கேட்டால், பேருந்தில் பார்த்த திரைப்படத்தின் பெயரைச் சொல்வான். இதற்கு நாம் இட்டிருக்கும் பெயர் கல்விப் பயணம்! இப்பெயர் பொருந்துமா என்பதைத் தமிழாசிரியர் உலகம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குறுகிய பயணத்திற்கு இடம் தேர்வது கூட்டல் கணக்கன்று, கழித்தல் கணக்கு. எவ்விடத்தைச் சேர்க்கலாம் என்பதைவிட எவ்விடத்தை விடலாம் என்று துணிவதே அதில் முதன்மையானது. இருக்கும் இரண்டு நாளை ஒரே நூலில் கோக்கத்தக்க சில இடங்களுக்கு மட்டும் கொடுத்து, அங்கே நின்று, நடந்து, கேட்டு, எழுதித் திரும்புவதே கல்வி. அவ்வாறு தேர்வதாயின், கெடாவில் வாழும் தமிழருக்கு ஜெராய் மலை முதல் தஞ்சோங் டாவாய் கடற்கரை வரையுள்ள நிலத்தினும் சிறந்த இடம் இல்லை என்பதே என் வாதம்.

ஓட்டப் பயணம் என்னும் இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மேற்கே சயான், ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யன் முதலிய தேசியப் பூங்காக்கள் பாலையும் செம்பாறையும் நிறைந்தவை. நான்கு நாள் விடுப்பில் ஐந்து பூங்காக்களைக் காரிலிருந்தே 'முடித்துவிடும்' பயணியர் அங்கும் உளர். ஆர்ச்சஸில் 1956, 1957ஆம் ஆண்டுகளில் பருவகாலக் காவலராகப் பணியாற்றிய எட்வர்டு ஆபி, 1968இல் வெளியிட்ட நூலில் இதனைக் கடுமையாகச் சாடினார். பூங்காக்களுக்குள் காரே வேண்டா, இறங்கி நடவுங்கள் என்று வாதிட்டார். சயான் பூங்காவில் 2000ஆம் ஆண்டு முதல், நெரிசல் மிக்க காலங்களில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார்களை விடாமல் பொதுப்பேருந்து விடும் முறை வந்தது. அளவில் பெரிய அப்பாலைவெளிகளையே ஓடிக் காண முடியாதென்றால், செங்கல்லும் கருங்கல்லும் சேறும் உப்புக் காற்றும் மெல்லப் பேசும் நம் நிலத்தை ஓடிக் காண்பது எங்ஙனம்?

இனி, தேர்வுக்கு அளவுகோல் யாது? தமிழாசிரியர் கையில் அஃது ஏற்கெனவே இருக்கிறது. ஐந்திணை என்று அதற்குப் பெயர். வகுப்பறையில் நாம் அதனை எப்படிக் கற்பிக்கின்றோம்? முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனக் கட்டம் போட்டு நிரப்பச் சொல்கின்றோம். மாணாக்கன் மனப்பாடம் செய்து புள்ளி வாங்குகிறான். ஆனால் அவன் வாழும் மாவட்டத்திலேயே ஜெராய் எனும் குறிஞ்சி ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்து நிற்கிறது; அதன் சரிவில் காடு இருக்கிறது; அதன் வடக்கே யான் வட்டாரத்தில் நெல்வயல் பரந்து கிடக்கிறது; அதன் தெற்கே மெர்போக் ஆறு கண்டற்காட்டினூடே வளைந்து சென்று தஞ்சோங் டாவாயில் கடலோடு கலக்கிறது. நான்கு திணைகள் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் கிடக்க, நாம் நம் பிள்ளைகளைச் செயற்கை அருவிக்கும் செயற்கைப் பனிக்கும் அழைத்துச் செல்கின்றோம்.

தஞ்சோங் டாவாய் மீனவர் ஊர். கருவாட்டுக்கும் நெத்திலிக்கும் பெலாச்சானுக்கும் பெயர் பெற்றது. அங்கே வெயிலில் மீன் காய்வதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் மாணாக்கனிடம், மீன் உணக்கும் மகளிர் புள் ஓப்பும் காட்சி சங்க நெய்தற் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருவது என்று சொல்லிப் பாருங்கள். 'உணக்கல் என்றால் உலர்த்தல்' என்று அவன் குறிப்பேட்டில் எழுதிய சொற்பொருள் அவன் கண்முன் உயிர் பெறும். புன்னை என்ற மரத்தை நம் மாணாக்கர் பலர் சொல்லாகவே அறிவர். மலாயர் அதனைப் பெனாகா என்பர். பினாங்கின் ஜார்ஜ்டவுன் முனைக்குப் பழம்பெயரே தஞ்சோங் பெனாகா என்பதாம். தாழையும் கண்டலும் இக்கரைகளில் வளர்கின்றன. ஆற்றின் மறுகரையிலுள்ள பந்தாய் மெர்டேக்காவுக்குப் படகேறிச் செல்லும்போது திரும்பி நோக்கினால் ஜெராய் மலை தெரியும். பண்டைய மாலுமிக்குக் கரையைக் காட்டிய மலை அதுவே.

ஆம், இந்நிலம் திணை இலக்கணம் மட்டும் கற்பிப்பதன்று, வரலாறும் கற்பிக்கிறது. பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை கண்டார் நச்சினார்க்கினியர். 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி அண்டைப் பகுதியாகிய செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற மாநாய்கனைப் பற்றியது. ஐந்தாம் நூற்றாண்டினது என்பர் ஆய்வாளர். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸும் அவர் துணைவியார் டாரத்தியும் இப்பள்ளத்தாக்கை அகழ்ந்து முப்பதளவு இடங்களுக்கு எண்ணிட்டனர். மெர்போக்கிலுள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியை அலஸ்டேர் லேம்ப் ஆராய, அது 1960ஆம் ஆண்டளவில் சீரமைக்கப்பட்டது. 'உளி பட்ட கல்' என்பதே பத்து பஹாட் என்னும் பெயரின் பொருள். கருவறை மேடை, அதன் முன் மண்டபம், மண்டபத் தளத்தில் மரத்தூண் நிற்பதற்கு அமைத்த கல்லடிகள்: இவற்றை மாணாக்கர் தம் கையால் எண்ணி வரைபடம் எழுதட்டும். கூரை ஏன் இன்று இல்லை, கல் ஏன் எஞ்சியது என்று கேட்கட்டும். அவ்வொரு வினா, பத்து இடங்களில் எடுத்த நூறு படங்களுக்கு மேலானது.

செமெலிங் அருகே சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைக்களங்களும் ஆற்றுத்துறைக் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. அவற்றின் தொன்மை எத்துணை என்பதில் அறிஞரிடையே இன்னும் வாதம் நிகழ்கிறது. பெங்காலான் புஜாங்கில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸில் அண்மை ஆண்டுகளில் சுதையாலான புத்தர் உருவங்கள் கிடைத்துள்ளன. அறிந்தோர் சொல்ல இவற்றைக் கேட்டு, நேரில் காணும் பேறு நம் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் இருக்கிறது.

ஐந்தாம் திணையாகிய பாலையை எங்கே காட்டுவது என்று ஒருவர் வினவக்கூடும். மழை பொய்த்து வெப்பம் மிகும்போது முல்லையும் குறிஞ்சியும் தம் நலம் இழந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை தரும் செய்தி. ஈரம் மிக்க கெடாவில் இயற்கை பாலையை ஆக்கவில்லை, மனிதர் ஆக்கினர். 2013ஆம் ஆண்டு இறுதியில் லெம்பா புஜாங்கின் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுக்காக இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. ஆயிரம் ஆண்டு கடந்த கட்டுமானம்! 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தது. ஆயினும் அவ்விடம் அச்சட்டத்தின்கீழ் அரசிதழில் பதிவு பெறவில்லை. தனியார் நிலத்தில் கிடந்த அதற்குக் காவல் இல்லை. செய்தி வந்தபின் நாம் கொதித்தெழுந்தோம், அறிக்கை விட்டோம். ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் எத்தனை தமிழ்ப்பள்ளிப் பேருந்துகள் அவ்விடத்திற்குச் சென்றன? யாரும் வாராத இடம் யாருக்கும் வேண்டாத இடம் என்றே கருதப்படும். ஆண்டுதோறும் நூறு மாணாக்கர் வந்து அளந்தும் வரைந்தும் சென்ற இடமாக அஃது இருந்திருப்பின், இடிக்கும் கை சற்றேனும் தயங்கியிருக்கும். இடிக்குமுன் குரல் எழுந்திருக்கும். பயணத்திற்கு இடம் தேர்வது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுப்போர் கூறுவனவற்றையும் பார்ப்போம். "பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி வேண்டாவா?" என்பர். வேண்டும். படகில் ஆற்றைக் கடப்பதும், கடற்கரையில் உணவு உண்பதும், மலையேறிக் குளிர்காற்று வாங்குவதும் மகிழ்ச்சி அல்லவா? "அங்கே உடைந்த செங்கல் தவிர என்ன இருக்கிறது?" என்பர். எழுத்தறியாதவனுக்கு நூலிலும் கறுப்புக் கோடுகள் தவிர ஒன்றும் இல்லை. படிக்கக் கற்பிப்பது ஆசிரியர் கடமை. "கட்டிய பணத்துக்கு இடங்கள் போதாவே" என்று பெற்றோர் முணுமுணுப்பர் என்பர். பயணத்தின் மதிப்பை இடங்களின் எண்ணிக்கையால் அளப்பது, நூலின் மதிப்பைப் பக்கத்தின் எடையால் அளப்பதை ஒக்கும்.

இன்னொரு சாராரையும் கண்டிக்காமல் விடலாகாது. இவர்கள் லெம்பா புஜாங்குக்குச் செல்வர். ஆனால் 'எம் பாட்டன் ஆண்ட மண்' என்று முழங்கி, படம் எடுத்துத் திரும்புவர். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பால் இராசேந்திரன் கடாரங்கொண்டான் ஆனான் என்பது மெய்யே. ஆனால் அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்தான் என்று ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுவதும் மெய்யே. வாள் வந்து போனது. வணிகம் பன்னூறு ஆண்டு வந்து சென்றது. இங்கே இரும்பு உருக்கியவரும் செங்கல் அறுத்தவரும் இம்மண்ணின் மக்கள். வந்து கலந்தோர் தமிழர், சீனர், அரபியர் எனப் பலர். இதனை மறைத்து வீரம் மட்டும் பேசுவது வரலாறு கற்பிப்பதாகாது. பக்கத்து வீட்டாரோடு வீண்பகை வளர்ப்பதாகும்.

வீரம்தான் வேண்டுமெனில் அருகிலேயே பீடோங் இருக்கிறது. அங்கே ஆர்வார்ட் தோட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு, ஏ. எம். சாமி தலைமையில் 1946-47இல் தொண்டர் படை எழுந்தது. பால்மரம் வெட்டிய தொழிலாளர், தம் கூலியை விழுங்கிய கள்ளுக்கடையை எதிர்த்து நின்றனர். காவல்துறையின் அடக்குமுறைக்கும் ஆளாயினர். இராசேந்திரன் கப்பலைப் பாடும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் தம் பாட்டன் பாட்டியரின் இப்போராட்டத்தை அறிவர்? சண்டியைக் காணச் செல்லும் சாலையிலேயே தோட்டமும் இருக்கிறது. முன்னது ஆயிரம் ஆண்டு நினைவு. பின்னது நான்கு தலைமுறைக்கு உட்பட்ட நினைவு. இரண்டையும் ஒருசேரக் காண்பவனே கெடாத் தமிழன் தான் யார் என்பதை அறிவான்.

ஆகவே என் பரிந்துரை இது. முதல் நாள்: காலையில் பீடோங், பின்னர் சுங்கை பத்து, நண்பகலுக்குப் பின் மெர்போக் அருங்காட்சியகமும் பத்து பஹாட் சண்டியும். இரண்டாம் நாள்: விடியலில் தஞ்சோங் டாவாயில் படகுகள் கரைசேரும் காட்சி, படகில் ஆற்றைக் கடத்தல், பிற்பகல் யான் வயல்களும் ஜெராய் மலையும். இவற்றுக்கும் நேரம் போதாதெனின் மலையை விடுக. பின்னர் ஒருமுறை ஏறலாம். இயந்திரங்களால் இழந்த 11ஆம் எண் சண்டியைப் பற்றி, அருங்காட்சியக வளாகத்து மரநிழலில் மாணாக்கரை அமர்த்தி ஆசிரியர் பத்து நிமிடம் பேசுக. செல்லுமுன் இரு வாரம் படிக்கச் செய்க. திரும்பியபின் ஒருவன் ஒரு கட்டுரையேனும் எழுதுக. அக்கட்டுரைகளைத் தொகுத்து அருங்காட்சியகத்திற்கும் மாநில அரசுக்கும் ஒவ்வொரு படி அனுப்புக. இவ்விடங்களுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் ஆண்டுதோறும் அறியட்டும்.

கெந்திங் மலையின் விளக்குகள் நாம் போகாவிட்டாலும் அணையமாட்டா. லெம்பா புஜாங்கின் கற்கள் நாம் போகாவிட்டால் அழியும். அடுத்த கூட்டத்தில் "எங்கே போவது?" என்ற வினா எழும்போது, தமிழாசிரியர் ஒருவரேனும் எழுந்து இதனைச் சொல்வாராக.