மாலையா? முத்திரையா?

"இவள் உன் மனைவியா?"

"ஆம்."

"சான்று?"

"ஊர் அறியும், உற்றார் அறிவர், எங்கள் உள்ளம் அறியும்."

"ஊருக்குக் கையெழுத்து உண்டா? உள்ளத்துக்கு முத்திரை உண்டா? இல்லையெனில் இவள் உன் மனைவியல்லள்! கப்பல் காத்திருக்கிறது, திருப்பி அனுப்பு!"

நாடகக்காரன் ஏதோ காட்சியொன்றைக் கற்பனையில் தீட்டிக் காட்டுகிறான் என்று கருதிவிடாதீர், தோழர்களே! சொற்கள் என்னுடையவை, நிகழ்ச்சியோ வரலாற்றினுடையது.

1913-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாண உச்ச நீதிமன்றத்திலே, சர்ல் என்னும் நீதிபதி தீர்ப்பொன்று வழங்கினார். இந்தியாவிலே இசுலாமிய முறைப்படி மணமுடித்த ஒருவர், மனைவியைத் தம்மிடம் அழைத்தார், துறைமுகத்திலே தடுத்தனர், வழக்காடினார், தோற்றார். கிறித்தவ முறைப்படி நடைபெற்று, பதிவு அலுவலரின் ஏட்டிலே ஏறாத மணம் அந்நாட்டிலே செல்லாது — அதுதான் அத்தீர்ப்பின் விளைவு. ஒரே ஒரு பேனா முனை அசைந்தது. ஆயிரமாயிரம் இல்லத்தரசியர் ஒரே நாளில் 'மனைவி' என்ற பெயரை இழந்தனர்!

பொறுத்தனரா? இல்லை! டிரான்சுவாலிலிருந்து புறப்பட்டனர் நம் தமிழ்ப் பெண்கள், கைக்குழந்தையை இடுப்பிலே சுமந்தபடி! எல்லை கடந்தனர், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று, தலைக்கு மூன்று பவுன் வரி என்ற கொடுமையையும் எடுத்துரைத்தனர், சுரங்கங்கள் ஓய்ந்தன. அப்பெண்களுக்குக் கிடைத்த பரிசு மூன்று மாதக் கடுங்காவல்! சிறை சென்று, காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் கண் மூடினாளே தில்லையாடி வள்ளியம்மை, அவளுக்கு வயது பதினாறு! மணமாகாத அந்த மங்கை, மணமான மாதரின் மானத்துக்காக உயிரீந்தாள். அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. மனைவி மீண்டும் மனைவியானாள்.

ஏன் இந்தப் பழைய ஏட்டைப் புரட்டுகிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சாத்தூர் சென்றிருந்தேன். காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர் பெற்ற சாத்தூர். பேனாவின் 'நிப்பு'க்கு ஒரு காலத்தில் நாடெங்கும் பேர் பெற்றிருந்த சாத்தூர். வைப்பாற்றங்கரைப் பக்கத்துத் தெருவொன்றிலே, இயக்கத் தோழர் ஒருவரின் இல்லத்தில் வழியனுப்பு விழா. தீப்பெட்டி ஆபீசிலே குச்சியடுக்கித் தாய் வளர்த்த மகள், படித்தாள், பட்டாசு ஆபீசொன்றிலே கணக்கெழுதினாள். ஈழத்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு மேலை நாடொன்றிலே பிறந்து, அந்நாட்டின் குடிமகனாக வளர்ந்த தமிழ் இளைஞரை மணந்தாள். சீர்திருத்த மணம், மாலை மாற்றினர், ஊர் கூடி வாழ்த்திற்று, நானும் வாழ்த்திப் பேசினேன்.

மணமகன் விடுப்பு முடிந்து விமானமேறினார். மணமகள் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். எழுந்திருக்க இரண்டாண்டும் இரண்டு திங்களும் ஆயின!

என்னென்ன கேட்டனர் தெரியுமா? காசநோய் இல்லையென்று சான்று, ஆங்கிலம் தெரியுமென்று சான்று, கணவரின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம். போகட்டும், கொடுத்தாள். இருவரும் காதலுடன்தான் வாழ்கிறார்கள் என்பதற்கும் சான்று வேண்டுமாம்! கைப்பேசியிலே கணவனும் மனைவியும் கொஞ்சியதையும் கோபித்ததையும் தாளிலே அச்சிட்டு, பக்க எண் போட்டு, அந்நிய அலுவலரின் மேசைமேல் வைத்தாள் அந்தத் தமிழ்ப் பெண். அதன் பிறகும் முதல் விண்ணப்பம் தள்ளப்பட்டது. காரணம்? திருமணப் படங்களிலே புரோகிதரைக் காணோம், ஓமகுண்டத்தைக் காணோம், மணம் மெய்யானதென நம்பப் போதிய ஆதாரமில்லை!

"அண்ணே, புகை இல்லாததால் என் கல்யாணம் பொய்யாகிவிட்டதாம்!" என்று சிரித்தாள். சிரிப்புக்குப் பின்னே இரண்டாண்டுக் கண்ணீர் இருந்தது. என் நெஞ்சிலே நெருப்பு மூண்டது.

எந்த மாவட்டத்துப் பெண்ணிடம் கேட்கிறார்கள் இந்தக் கேள்வியை! அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தம் என்றோர் ஊர். 1928-இல் பெரியார் தலைமையில், புரோகிதர் இன்றி, மந்திரம் இன்றி, முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்ற மண் அது! அன்று வைதிகர் கேட்டனர்: "இதுவும் ஒரு கல்யாணமா?" 1953-இல் சென்னை உயர்நீதிமன்றமும், சாத்திரச் சடங்கில்லாத அத்தகைய மணம் சட்டப்படி செல்லாதென்றே கூறிற்று. செல்லாதென்றால் என்ன பொருள்? கட்டியவள் மனைவியல்லள், பெற்ற பிள்ளைக்குப் பங்கில்லை. பதினான்கு ஆண்டுகள் அந்தப் பழியைச் சுமந்தன சுயமரியாதைக் குடும்பங்கள். 1967-இல் அண்ணா அமைச்சரவை சட்டம் கொணர்ந்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், தமக்குத் தெரிந்த மொழியில், 'இவரை ஏற்கிறேன்' என இருவரும் உரைத்து, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும், அது மணமே! இனி நடக்கும் மணங்களுக்கு மட்டுமா? முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்தே செல்லுபடி தந்தது அச்சட்டம்.

கேப் நகரத்து நீதிபதி, "கிறித்தவச் சடங்கு எங்கே?" என்றார். சென்னை நீதிமன்றம், "சாத்திரச் சடங்கு எங்கே?" என்றது. இன்று விசா அலுவலர், "புகை எங்கே? படம் எங்கே? பணம் எங்கே?" என்கிறார். ஆட்கள் வேறு, ஆண்டுகள் வேறு, ஆணவம் ஒன்றே! இருவர் இணைந்த வாழ்வுக்கு மூன்றாமவர் ஒருவர் வந்து உயிர் கொடுக்க வேண்டும் என்னும் ஆணவம். புரோகிதரை மணப்பந்தலிலிருந்து இறக்கினோம். அவர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து விசா அலுவலகத்திலே அமர்ந்துவிட்டார்!

மிகைப்படுத்துகிறேனா? பிரிட்டனைப் பாருங்கள். 1979 சனவரியில், மணம் புரிந்துகொள்ள இலண்டன் விமான நிலையத்திலே வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, அதிகாரிகள் கன்னித்தன்மைச் சோதனைக்கு ஆளாக்கினர். செய்தி வெளிவந்தது, உலகு காறி உமிழ்ந்தது, அதன் பின்னரே அந்த ஈனச்செயலை நிறுத்தினர். 1985 மே 28-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மற்றொரு வழக்கிலே தீர்ப்பளித்தது. பிரிட்டனிலே குடியேறிய ஆடவர் மனைவியை அழைக்கலாம், ஆனால் அவ்வாறே குடியேறிய பெண்டிர் கணவரை அழைக்கத் தடை என்பது ஆண்-பெண் பாகுபாடு என்றது. அந்த அரசு என்ன செய்தது? பெண்களுக்கிருந்த தடையை நீக்கவில்லை; அதே தடையை ஆடவர்மீதும் ஏற்றிற்று! ஒருவர் காலிலே விலங்கு, மற்றவர் காலிலே இல்லை, இது அநீதி என்றால், இருவருக்கும் விலங்கு பூட்டுவதுதான் நீதியாம்! 2012-இல் வந்தது இன்னொரு விதி: துணையை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுன் வேண்டும். 2024 ஏப்ரலில் அது 29,000 பவுனாக ஏறிற்று. காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். விசாவுக்குப் பையைத் தவிர வேறெதுவும் கண்ணிலே படுவதில்லை!

"போலித் திருமணங்கள் இல்லையா? பணத்துக்காக மணக்கோலம் பூணுவோர் இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உண்டு, மறுக்கவில்லை. மணமுடித்து ஏமாற்றி, பெண்ணை இங்கே தவிக்க விட்டு ஓடும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளும் உண்டு. விசாரிக்கட்டும், வேண்டாமென்று கூறவில்லை. ஆனால் எத்தனை நாளில் முடிவு என்று கெடு வேண்டாமா? தள்ளினால் காரணத்தைத் தெளிவாக எழுதித் தர வேண்டாமா? மேல்முறையீட்டுக்கு வழி வேண்டாமா? பத்துப் பேரில் ஒருவன் திருடனாக இருக்கக்கூடுமென்று பத்துப் பேரையும் சிறையிலிடும் காவலனை எந்த ஊர் பாராட்டும்?

இவ்வளவையும் அந்த வழியனுப்பு விழாவிலே முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. மேடையை விட்டு இறங்கினேன், ஓரமாக நின்ற ஒரு பெண், கையிலே குழந்தையுடன், மெல்லக் கேட்டாள்: "அண்ணே, வெளிநாட்டுக்காரங்க செய்றது அநியாயம்னீங்க. எனக்கு நம்ம நாடு செய்றது என்ன?"

கைதட்டல் ஒலி காதிலிருந்து அந்த நொடியே மறைந்தது.

ஈழப் போரிலே வீடிழந்து, சிறுமியாகப் படகிலே வந்தவள் அவள். நம் மாவட்டத்துக் குல்லூர்சந்தை போன்றதொரு முகாமிலே வளர்ந்தவள். சாத்தூர் வட்டாரத்து இளைஞர் ஒருவர், இந்தியக் குடிமகன், அவளை மணந்திருக்கிறார். இந்தியக் குடியுரிமைச் சட்டம் என்ன கூறுகிறது? குடிமகனை மணந்து, ஏழாண்டு இங்கே வாழ்ந்த வெளிநாட்டவர், பதிவின் மூலம் குடியுரிமை பெறலாம் என்கிறது. ஆகா, நல்ல சட்டம்! ஆனால் அடுத்த சொல்லிலே கதவை அடைக்கிறது: அவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருத்தல் கூடாதாம். கடவுச்சீட்டு இன்றி வந்தவர் சட்டவிரோதக் குடியேறியாம். குண்டு விழும்போது கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டா நிற்பார்கள்?

அவளோடு முடிந்ததா அநீதி? இல்லை. 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால், இங்கே பிறக்கும் பிள்ளை பிறப்பால் இந்தியக் குடியன்று! தந்தை சாத்தூர்க்காரர், தாத்தா சாத்தூர்க்காரர், அந்தக் கைக்குழந்தை மட்டும் எந்த நாட்டுக்குச் சொந்தம்?

2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினர், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளின் பெயரை எழுதினர், இலங்கையை விட்டனர். 2021 கணக்குப்படி தமிழகத்திலே நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் அதிகமான ஈழத்தமிழர் வாழ்ந்தனர். அவர்களிலே ஒருவர் கூட டில்லியின் கண்ணிலே படவில்லை. அவ்வாண்டே தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியது, வரவேற்றோம். 2025 செப்டம்பரில் டில்லி ஓர் ஆணை பிறப்பித்தது: 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு. தண்டனை இல்லை என்பது நன்று. உரிமை உண்டு என்பது எப்போது? 'உன்னை அடிக்கமாட்டேன்' என்பது 'உள்ளே வா' என்பதாகுமா?

தோழர்களே! கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடைக்கு வந்தவன் நான், சட்டம் பயின்றவனல்லன். எனினும் ஒன்று தெரியும். அயலான் வாயிலிலே நின்று எந்த நீதியைக் கேட்கிறோமோ, அந்த நீதியை நம் வாயிலிலே நிற்பவருக்கு வழங்காதவரை, நம் குரலுக்கு வலுவிராது. கடல் கடந்து கணவரிடம் செல்லத் துடிக்கும் பெண்ணும், கடல் கடந்து வந்து கணவருடன் வாழும் பெண்ணும் கேட்பது ஒன்றே. சலுகையன்று, பிச்சையன்று, தாமே தேர்ந்த துணையோடு ஒரு கூரையின்கீழ் வாழும் உரிமை!

ஆகவே கேட்கிறோம். பதிவு பெற்று முகாமிலே வாழ்ந்து இந்தியக் குடிமக்களை மணந்தோரை 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் இழிபெயரிலிருந்து விடுவித்துச் சட்டம் திருத்துக! அவர்தம் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை வழங்குக! துணைவர் விசாவுக்குக் கெடுவும், மறுப்புக்குத் தெளிவான காரணமும் வேண்டுமென்று அயல்நாடுகளுடன் பேசுக!

டில்லி கேட்கும்வரை நாம் கைகட்டி நிற்பதா? சீர்திருத்த மணங்களை நடத்திவைக்கும் நாம், மாலை வாடுமுன் மணமக்களைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வோம். சிறப்புத் திருமணச் சட்டப்படி மணப்போர்க்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்பதை முன்கூட்டியே எடுத்துரைப்போம். முகாமிலே உள்ள சகோதரியருக்கு மனு எழுதித் தருவோம். ஆங்கில விண்ணப்பம் கண்டு திகைக்கும் பெண்ணின் அருகிலே அமர்வோம். மேடைப் பேச்சைவிடப் பெரிய இயக்கப்பணி அது.

அந்தப் பெண் விமானமேறிவிட்டாள். புறப்படும்போது தந்தை அவள் கையிலே ஒரு பழைய பேனாவைக் கொடுத்தார். சாத்தூர் நிப்பு பொருத்திய பேனா. "போய்ச் சேர்ந்ததும் இதிலேதான் முதல் கடிதம் எழுதணும், தாயி" என்றார்.

அவள் கடிதம் வரும். மற்றவள், கைக்குழந்தையுடன் நின்றாளே, அவளுக்கு வரவேண்டிய கடிதம் டில்லியிலே எந்தப் பேனாவிலே உறைந்து கிடக்கிறது? அதை எழுத வைப்பதே நம் கடன்!