திரான்சியில் வாங்கும் வீடும் கணக்கில் வராத வாடகையும்

பாரிஸின் லாச்சப்பல் கடைகளிலும் உணவகங்களிலும் உழைத்துச் சேர்த்த காசும் சீட்டு எடுத்த காசும் திரான்சி, லா கூர்நெவ் புறநகர்ப் பக்கங்களில் வீடாகி வருகின்றன. குடியிருக்க ஒன்று, வாடகைக்கு விட ஒன்று என்று வாங்குவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த முன்னேற்றத்தை மனமார வரவேற்கிறோம். கவலை தருவது சிலர் போடும் கணக்கு. பழைய தனிவீடு (பவியோன்) ஒன்றை வாங்கி, பிளாக்கோ (ஜிப்சம் பலகை) சுவர் வைத்து ஐந்தாறு அறையாகப் பிரித்து, நிலவறையிலும் கட்டில் போட்டு, ஒப்பந்தமின்றி மாதாமாதம் கையில் வாடகை வாங்கினால் வங்கிக் கடன் தானாக அடைபடும் என்று நம்புகிறார்கள். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், இந்த வழி முதலில் கெடுப்பது முதலீடு செய்தவரைத்தான்.

கையளவு சாளரம், சுவரில் பூஞ்சணம், ஒரே மின்செருகியில் அடுப்பும் ஹீட்டரும். இத்தகைய நிலவறையைக் குடியிருக்கக் கொடுப்பதைப் பிரெஞ்சுச் சட்டம் அடியோடு தடுக்கிறது. வீட்டைப் பிரித்து 14 சதுர மீற்றருக்குக் குறைந்த தனிக் குடியிருப்புகளை உருவாக்குவதும் தடை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரச ஆணை வந்துவிட்டால் வாடகை நின்றுபோகும். குடியிருந்தவர்களுக்கு வேறிடம் பார்க்கும் செலவும் உரிமையாளரின் தலையில் விழும். வங்கித் தவணை மட்டும் நிற்காது. வீடு தீப்பிடித்தால், உள்ளே எத்தனை பேர், எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை மறைத்திருந்தவருக்குக் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம். பழைய வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எரிசக்தித் தரத்தில் ‘ஜி’ பெற்ற வீட்டை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2028இல் ‘எஃப்’ தரத்துக்கும் அதே கதி. மலிவாகக் கிடைத்தது என்று வாங்குபவர் தரத்தை உயர்த்தும் திருத்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த வீடு வாங்கும் ஆசைக்கும் கையில் வாங்கும் இந்த வாடகையே தடை. கடன் தவணைகள் வருமானத்தில் 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 முதல் வங்கிகளைக் கட்டுப்படுத்துகிறது. பதிவில் உள்ள வாடகையை வங்கி ஓரளவாவது வருமானமாக ஏற்கும். கையில் வாங்கிய காசை எந்த வங்கியிடமும் காட்ட முடியாது. சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தேர் அலுவலகத்திலும் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும்.

வாடகையைக் கணக்கில் காட்டினால் வரி தின்றுவிடும் என்பார்கள். தளபாடமில்லாத வீட்டின் வாடகை ஆண்டுக்கு 15,000 ஈரோவுக்குள் இருந்தால் 30 வீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்கே வரி. வட்டியும் திருத்தச் செலவும் அதைவிட அதிகமென்றால் உண்மைச் செலவைக் கழிக்கும் முறையைத் தெரிவு செய்யலாம். தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையைத் தளபாடத்தோடு, குறித்த உச்சத் தொகைக்குள் கொடுப்பவருக்கு வரிவிலக்கே உண்டு. நேர்வழியில் இவ்வளவு இடமிருக்க, ஒளித்து வாங்குவானேன்?

இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது: சம்பளச் சீட்டோ பிணை நிற்க ஆளோ இல்லாமல் புதிதாக வந்து இறங்கும் பிள்ளைக்கு நாங்கள் அறை கொடுக்காவிட்டால் யார் கொடுப்பார்? உண்மைதான், அந்த உதவியை எவரும் குறைத்து மதிக்க முடியாது. ஆனால் ஒப்பந்தமும் பற்றுச்சீட்டும் இல்லாத வாடகையாளர் பொபினியிலுள்ள மாவட்ட நிர்வாக அலுவலகமான பிரெபெக்சரில் எந்த முகவரியைக் காட்டுவார்? வீட்டு உதவிப்பணம் கேட்டு ‘காஃப்’ அலுவலகத்துக்கு எதைக் கொண்டு போவார்? கேட்டால் பற்றுச்சீட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 1989 ஜூலை 6 சட்டம். எழுத்தில் இல்லாததால் நினைத்த நேரம் வெளியேற்றலாம் என்பதும் பிழை. வாய்மொழி வாடகையும் வாடகையே. நீதிமன்றத் தீர்ப்பின்றிப் பூட்டை மாற்றி ஒருவரை வெளியேற்றினால் மூன்று ஆண்டுச் சிறையும் 30,000 ஈரோ அபராதமும் கிடைக்கலாம்.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் கையெழுத்துக்கு முன்பே நகரசபைக்குப் போய், அந்த முகவரியில் எத்தனை குடியிருப்புகள் பதிவாகியுள்ளன, வாடகைக்கு விட முன்னனுமதி தேவையா என்று கேட்கட்டும். முன் ஒப்பந்தத்துக்குப் பிறகும் பின்வாங்கப் பத்து நாள் அவகாசம் உண்டு. ‘அடில் 93’ என்ற அமைப்பு வீட்டுச் சட்ட ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. மொழி தெரியாமல் அதன் வாசலுக்குப் போகத் தயங்குவோர் பலர் இருப்பதால், நமது சங்கங்கள் அந்த ஆலோசகர்களை அழைத்து, லாச்சப்பலிலும் திரான்சியிலும் மாதம் ஒருமுறை தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார வைக்க வேண்டும்.