மனை விற்பனைக்கு: நமக்கு மட்டும் இல்லை

"இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா? கையில காசு இருந்தா எவன் வேணும்னாலும் எங்க வேணும்னாலும் இடம் வாங்கலாம்." டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை இதைச் சொல்லாத வாய் இல்லை. சொல்பவர்களை ஒரே ஒரு மாதம் புதுக்கோட்டை மாவட்டத்தில் மனைத் தரகு வேலை பார்க்கச் சொல்ல வேண்டும். காசு பேசும் இடம் எது, சாதி பேசும் இடம் எது என்பது முப்பதாவது நாளில் தெரிந்துவிடும்.

எங்கள் தோழர்களில் நிலம், வீடு வாங்கி விற்கும் தரகு வேலையால் பிழைப்பவர்கள் உண்டு. வில்லங்கச் சான்று போடுவது, தாய்ப்பத்திரம் பார்ப்பது, சர்வேயரை அழைத்து வந்து கல் ஊன்றுவது, சார்பதிவாளர் அலுவலக வாசலில் டோக்கனுக்குக் காத்திருப்பது என இந்தத் தொழிலின் எல்லாச் சந்துபொந்தும் எங்களுக்குத் தெரியும். ஆகவே இதை வெளியில் நின்று எழுதவில்லை. உள்ளே நின்று எழுதுகிறோம்.

ஒரு மனை வியாபாரம் எப்படி நடக்கிறது? விற்பவர் தரகரிடம் சொல்கிறார். தரகர் ஆளைக் கூட்டிவருகிறார். இடம் பிடித்தால் விலை பேசி, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து, கிரய ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பிறகு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டிக் கிரயம் முடிகிறது. தரகருக்கு ஒன்றோ இரண்டோ சதவீதம் கமிஷன். காகிதத்தில் இவ்வளவுதான். இந்தப் படிகளில் எதிலும் சாதிச் சான்றிதழ் கேட்கும் இடமே கிடையாது.

ஆனால் டோக்கனுக்கு முன்னால், எந்தப் பத்திரத்திலும் ஏறாத ஒரு படி இருக்கிறது. "உங்களுக்கு எந்த ஊரு?" என்று தொடங்குவார்கள். ஊர் சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" பக்கம் சொன்னால், "அங்க இன்னாரைத் தெரியுமா? அவங்க உங்களுக்கு என்ன முறை?" மூன்று கேள்விக்குள் ஆள் யாரென்று முடிவாகிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் நாகரிகமான மறுப்பு. "நேத்து சாயங்காலம்தான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் போட்டுட்டாரு." "பங்காளிங்க கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க." "ஓனர் இப்போதைக்கு விக்கிற யோசனையில இல்ல." சென்ட் மூன்று லட்சம் என்று காலையில் சொன்ன இடம், மாலையில் ஐந்து லட்சமாகிவிடும். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. கை கூப்பி வழியனுப்பி வைத்தே தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறார்கள்.

விற்பவர் தரகரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்: "நம்ம ஆளுங்களாப் பாருங்க. அந்தத் தெரு ஆளுங்க வேண்டாம்." ஏன் வேண்டாம்? அவருக்கே அவ்வளவு சாதிவெறி இல்லாமலும் இருக்கலாம். அவர் விற்றுவிட்டுத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகப்போகிறவர். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் பங்காளியும் ஊர்க்கூட்டமும் சும்மா விடாது என்று அவருக்குத் தெரியும். தரகருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு லட்ச ரூபாய் மனையை ஒரு தலித் குடும்பத்துக்கு முடித்துக் கொடுத்தால் 2 சதவீதத்தில் 24,000 ரூபாய் கிடைக்கும். அதோடு அந்தத் தெருவில் அடுத்த பத்து வியாபாரம் போய்விடும். ஊர்க் கட்டுப்பாட்டைக் காப்பாற்றும் காவல்காரர் வேலையைத் தரகரின் தலையில் கட்டிவிட்டிருக்கிறது இந்தச் சமூகம். அதற்குக் கூலிதான் அந்தப் பத்து வியாபாரம்.

இதே ஊரில் எதிர்த்திசையில் நடக்கும் வியாபாரத்தைப் பாருங்கள். நம் மக்கள் கையில் இருக்கும் ரோட்டோரத் துண்டு நிலத்தை வாங்க வரும்போது எவரும் "எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று நாம் முடைப்பட்டு நிற்கும் நேரம் பார்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். அப்போது அந்த மண்ணில் தீட்டு இல்லை. அதே மண்ணில் பிளாட் போட்டு, கல் நட்டு, ஆர்ச் கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்த பிறகு, அதில் ஒரு மனை வாங்க நாம் போனால் தீட்டு வந்துவிடுகிறது. விற்கும்போது சாதி பார்ப்பவர்கள் வாங்கும்போது பார்ப்பதில்லை. இதைவிடச் சந்தர்ப்பவாதமான ஆச்சாரம் உலகில் உண்டா?

முள்ளூரில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. விராலிமலைப் பக்கம் தொழிற்சாலைகள் இருக்கின்றன. புதுக்கோட்டை நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆகியது. நம் பிள்ளைகளும் படித்து ஆசிரியராக, செவிலியராக, அலுவலக உதவியாளராக, காவலராக இந்த நகரத்துக்கு வந்திருக்கிறார்கள். வங்கி அவர்களுக்கு வீட்டுக்கடன் தரத் தயாராக இருக்கிறது. சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கி சரி என்று சொன்ன ஆளை, தெருவின் பெயரைப் பார்த்து வேண்டாம் என்கிறது சந்தை. 2011 கணக்கெடுப்பின்படி 16 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் பட்டியல் சாதியினர். ஆறில் ஒருவரை வாடிக்கையாளராகவே ஏற்காத சந்தைக்குச் சுதந்திரச் சந்தை என்று பெயராம்!

வேறு வழியில்லாமல் நம் ஆட்கள் சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். வேறு சாதி நண்பர் பெயரில் கிரயம் வாங்கி, சில வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். தோழர்களே, அது ஆபத்து. 2016இல் திருத்தப்பட்ட பினாமி சட்டத்தின்படி அந்தச் சொத்தைப் பறிமுதல் செய்யலாம். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. கறுப்புப் பணக்காரனைப் பிடிக்கப் போட்ட வலையில், கடன் வாங்கி வீடு கட்ட நினைத்த தலித் ஆசிரியர் மாட்டுவார். பெயரைக் கொடுத்த நண்பர் நாளை மனம் மாறினால் கோர்ட்டில் நமக்குப் பிடிமானமும் இருக்காது.

"என் சொத்து, யாருக்கு விற்பது என்பது என் இஷ்டம்" என்பார்கள். இல்லை. 1955இலேயே நாடாளுமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று வந்து, 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு இடத்தைக் கட்டுவதற்கோ, வாங்குவதற்கோ, அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பேரால் தடை போடுவது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 10ஆவது பிரிவு, குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது. அதாவது தரகருக்கும். 12ஆவது பிரிவு இன்னும் முக்கியம்: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை.

அடுத்து 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது. ஒருவருடன் வியாபாரம் செய்ய மறுப்பதும், வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்கும் நிபந்தனைகளில் அவருக்குக் கொடுக்க மறுப்பதும் அதில் அடங்கும். காலையில் மூன்று லட்சம், மாலையில் ஐந்து லட்சம் என்பது வேறென்ன? இதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை.

சட்டம் இருந்தும் ஏன் வழக்கு இல்லை? மறுப்பு எழுத்தில் வருவதில்லை. வாங்க வந்தவர் அவமானத்தை விழுங்கிக்கொண்டு அடுத்த இடம் பார்க்கப் போய்விடுகிறார். நடந்ததற்கு ஒரே சாட்சி தரகர். அவர் வாய் திறப்பதில்லை. ஆகவே இந்தக் குற்றத்தின் பூட்டும் சாவியும் தரகரின் கையில் இருக்கிறது.

2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது தரகர்களுக்கு ஒரு ஒழுங்கு வரும் என்றார்கள். தரகர் பதிவு செய்ய வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்றெல்லாம் அந்தச் சட்டத்தின் 9, 10ஆவது பிரிவுகள் பட்டியல் போடுகின்றன. வாங்க வருபவரின் சாதியைக் கேட்கக் கூடாது என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. மேலும் அந்தப் பதிவு, ஆணையத்தில் பதிவான பெரிய திட்டங்களின் மனைகளை விற்கும் முகவர்களுக்குத்தான். கீரனூரிலும் கந்தர்வக்கோட்டையிலும் பழைய வீட்டையும் தனி மனையையும் கைமாற்றும் தரகருக்கு அதுவும் கிடையாது.

நீதிமன்றங்களும் எப்போதும் நம் பக்கம் நின்றதில்லை. 1917இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் படித்தவருக்கு அந்த நகரத்தில் தங்க ஒரு கூரை கிடைக்கவில்லை. 88 ஆண்டுகள் கழித்து, 2005இல், அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அமைக்கும் உரிமையாம்! சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்வது வேறு. அந்தத் தீர்ப்பின் நிழலில் ஆதிக்கச் சாதிகள் தங்களுக்கென்று நகர்கள் கட்டிக்கொள்வது வேறு.

அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நிறத்தைக் காரணம் காட்டி மறுப்பதும், விற்பனைக்கு இருக்கும் வீட்டை இல்லை என்று பொய் சொல்வதும் அங்கே குற்றம். கறுப்பரை ஒரு பகுதிக்கும் வெள்ளையரை இன்னொரு பகுதிக்கும் தரகர் திருப்பிவிடுவதையும் அங்கே நீதிமன்றங்கள் குற்றமாகப் பார்க்கின்றன. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. தரகரைக் கூண்டில் ஏற்ற வழி இருக்கிறது என்கிறோம்.

அரசைக் கேட்காமல் தரகரை மட்டும் கேட்பது நியாயமாகாது. ஆதிதிராவிடர் நலத்துறை வீட்டுமனைப் பட்டா கொடுக்கிறது. அதற்கென்றே 1978இல் தனி நில எடுப்புச் சட்டமும் உண்டு. ஆனால் அந்த மூன்று சென்ட் எங்கே கிடைக்கிறது? ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையோரம், இன்னொரு சேரியாக. 1997இல் தொடங்கிய சமத்துவபுரம் திட்டம் நூறு வீட்டில் 40 தலித்துகளுக்கு, மீதி மற்றவர்களுக்கு என்று கலந்து கொடுத்தது. அதன் குறைகளை நாம் அறிவோம். ஆனாலும் கலந்து வாழ்வதை அரசே ஏற்பாடு செய்ய முடியும் என்று அது காட்டியது. அதுவும் தனியாக ஒரு புரமாகத்தான் நின்றதே தவிர, ஊர்த்தெருவுக்குள் நம்மை விடவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றினால் மனையின் விலை மாறுமா? நம் தெருவில் இருக்கும் வீட்டை விற்கப் போனால் வெளியாள் வாங்க வருவதில்லை. வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக வகுக்கப்படுகிறது. தெருவின் மதிப்பு குறைந்தால் வீட்டின் மேல் கிடைக்கும் கடனும் குறையும். மற்றவருக்கு வீடு என்பது வளரும் சொத்து. நமக்கு அது ஒதுங்கும் கூரை மட்டும். ஒரு தலைமுறையின் சம்பாத்தியம் அடுத்த தலைமுறைக்குப் பெருகிப் போகாமல் இங்கேதான் தேங்கி நிற்கிறது.

இது வெறும் சொத்துப் பிரச்சினையும் அல்ல. 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதை அந்த மக்கள் ஏற்கவில்லை, நாங்களும் ஏற்கவில்லை. இங்கே ஒரு கேள்வியை மட்டும் வைக்கிறோம். ஊரும் சேரியும் ஒரே தெருவில் கலந்து, ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்திருந்தால், "அவர்களுடைய தொட்டி" என்று தனியாக ஒன்று இருந்திருக்குமா? தனித் தெரு இருந்தால்தான் தனித் தொட்டி, தனிச் சுடுகாடு, தனி டம்ளர். அந்தத் தனித் தெருவை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுவது, மனை விற்க மறுக்கும் அந்த ஒரு வார்த்தை.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. பழைய வீடு, தனி மனை உட்பட எதை விற்கும் தரகரும் மாவட்ட அளவில் பதிவு செய்ய வேண்டும். வாங்குபவரின் சாதியைக் கேட்டாலோ, சாதி சொல்லி மறுத்தாலோ பதிவு ரத்தாக வேண்டும்.

2. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4, 10, 12ஆவது பிரிவுகளை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலக வாசலிலும் பலகை வைக்க வேண்டும்.

3. அங்கீகாரம் பெறும் ஒவ்வொரு லேஅவுட்டும் சாதி பாராமல் விற்போம் என்ற உறுதிமொழியை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். மீறினால் அங்கீகாரம் போக வேண்டும்.

4. அரசு கொடுக்கும் வீட்டுமனை ஊருக்கு வெளியே தனியாக அல்ல, ஊருக்குள் கலந்து இருக்க வேண்டும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான பதிவுக்கு 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்த அரசு, பொதுத் தெருவில் மனை வாங்கும் தலித் குடும்பத்துக்கும் சலுகை தரலாம்.

வாங்கப் போகும் தோழர்களுக்கு: தனியாகப் போகாதீர்கள். விலை கேட்பதைக் குறுஞ்செய்தியில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மறுத்த இடம் அடுத்த மாதம் யாருக்குப் போனது என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். "வேறு ஒருத்தர் அட்வான்ஸ் போட்டுவிட்டார்" என்பது உண்மையா பொய்யா என்பதற்கு அதுவே ஒரு தடயம். கையில் ஆவணத்தோடு வாருங்கள், வழக்குப் போடுவோம்.

தரகுத் தொழிலில் இருக்கும் நம் தோழர்களுக்கும் மற்றச் சமூகத்து நண்பர்களுக்கும்: விற்பவர் "அந்தத் தெரு ஆளுங்க வேண்டாம்" என்று சொல்லும்போது தலையாட்டாதீர்கள். "அண்ணே, அப்படிச் சொன்னா கேஸாயிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாளைக்குச் சாட்சிக் கூண்டில் நிற்பதா, குற்றவாளிக் கூண்டில் நிற்பதா என்பதை இன்றைக்கு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.