ஆர்.சி. புக்கும் தலையெழுத்தும்

சென்ற வாரம் சிவகாசிக்கு அடுத்த ஒரு கிராமத்திலிருந்து தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். அச்சாபீசுகளுக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் அட்டைப் பெட்டி ஏற்றும் லோடு ஆட்டோ ஒன்றைக் கடன்பட்டு வாங்கி, மூன்று வருஷ காலம் உழைத்து, அந்தக் கடனை வட்டியோடு கட்டித் தீர்த்தவர் அவர். மகளின் படிப்புச் செலவுக்காக வண்டியை விற்கப் போனார். அப்போதுதான் ஆர்.சி. புக்கிலே சேஸிஸ் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருப்பதும், தம் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருப்பதும், கட்டித் தீர்த்த பைனான்ஸ்காரர் பெயர் இன்னும் போகாமல் உட்கார்ந்திருப்பதும் தெரிய வந்தன. வாங்க வந்தவர் திரும்பிப் போய்விட்டார். நம் தோழரோ, "எல்லாம் என் தலையெழுத்துங்க ஐயா" என்று சொல்லித் தலையில் கையை வைத்துக் கொண்டார்.

"இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது இதைப் படித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டோம். "அது இங்கிலீஷில் அல்லவா இருக்கிறது, வந்த அன்றே கவரில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன்" என்றார். "வண்டி எடுத்த நாளில் என்ன செய்தீர்கள்?" என்றோம். ஜோசியரைக் கேட்டு முகூர்த்தம் குறித்ததையும், நம்பரைக் கூட்டிப் பார்த்து நல்ல எண் என்று சந்தோஷப்பட்டதையும், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கியதையும், பூசணிக்காய் உடைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார்.

இவரைப் பரிகசிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. நம்மில் பெரும்பாலோர் இவரைப் போலத்தான் இருக்கின்றோம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். ராகு காலத்தை விலக்கியது சேஸிஸ் நம்பரை ஏன் காப்பாற்றவில்லை? நம்பரைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த புத்திக்கு, அதே நம்பரை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏன் தோன்றவில்லை? தலையில் எழுதியிருப்பதாகச் சொல்லப்படும் எழுத்தை இது வரை கண்டவர் யாருமில்லை. ஆர்.சி. புக்கில் இருக்கும் எழுத்தோ, வண்டி விற்ற டீலர் மேசையிலோ, சர்க்கார் ஆபீசிலோ, நம்மைப் போன்ற ஒரு மனிதன் விரலால் தட்டிய எழுத்து. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். இதற்குப் பரிகாரம் வேண்டியதில்லை, மனு போதும்.

சிவகாசிக்காரருக்கு இதை விளக்க நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நல்ல நேரமும் எமகண்டமும் போட்டு நாடெங்கும் காலண்டர் அனுப்புகிற ஊர் அது. அங்குள்ள அச்சாபீஸ்காரர் எவராவது புரூப் பார்க்காமல் பதினாயிரம் பிரதி ஓட்டுவாரா? லேபிளில் கம்பெனிப் பெயர் ஓர் எழுத்துத் தப்பினால், கடவுள் விட்ட வழி என்று மிஷினை ஓட விடுவாரா? மை போட்டு வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகின்றார் அல்லவா? அந்த வட்டத்தைத் தம் சொந்த வண்டியின் தஸ்தாவேஜில் போட ஏன் தயங்குகின்றார் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. இன்றைய வண்டிகளின் சேஸிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கள் வரவே வரா. ஏனெனில், அவை ஒன்று என்றும் சைபர் என்றும் மயங்கிப் போகும் என்று, அந்த முறையை வகுத்தவர்களே அவற்றைத் தள்ளிவிட்டார்கள். மனிதன் கண் தவறும் என்று முன்கூட்டியே எண்ணி ஏற்பாடு செய்வதல்லவா பகுத்தறிவு!

நிற்க, ஓர் எழுத்துத்தானே, ஒரு கையெழுத்துத்தானே என்று அலட்சியமாயிருப்பவர்களுக்கு நேர்வது என்ன என்பதையும் சொல்லிவிடுகின்றோம். வட இந்தியாவில் ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். பெயர் மாற்றவில்லை. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவர் மற்றொருவருக்கு விற்க, வண்டி பல கை மாறியது. 2009 மே மாதத்தில் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. நஷ்டஈடு யார் கொடுப்பது என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2018 பிப்ரவரியில் அக்கோர்ட், ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கின்றதோ அவரே மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அடிபட்டவன் கை மாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டுமா என்பது கோர்ட்டின் நியாயம். அந்த நியாயத்தை நாமும் குறை கூற முடியாது. ஆனால், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகின்ற நம்மவர் எத்தனை பேர்! அவ்வண்டி எந்த ஊரில் யாரை மோதினாலும் ஓலை இவர் வீட்டுக்கு அல்லவா வரும்?

இத்தனைக்கும் 1988-ஆம் வருஷத்துச் சட்டம் வழியை ஒளித்து வைக்கவில்லை. ஒரே மாகாணத்துக்குள் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். படிவம் 29-உம் 30-உம் அதற்குத்தான். இன்ஷ்யூரன்ஸை மாற்றிக் கொள்ள வாங்கியவர் 14 நாளில் கம்பெனிக்கு எழுத வேண்டும். கடன் தீர்ந்தால் படிவம் 35-இல் பைனான்ஸ்காரர் கையெழுத்து வாங்கி அவர் பெயரை நீக்க வேண்டும். கடன் தீர்ந்ததனால் மட்டும் பெயர் தானே போய்விடாது. எழுத்துப் பிழையானால், டீலர் கொடுத்த விற்பனைச் சான்றாகிய படிவம் 21, வாங்கிய பில், வண்டியின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த சேஸிஸ் நம்பர், இவற்றை வைத்து மனுக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் இதிலுள்ள வேத ரகசியம்!

வண்டிக்காரர் இறந்துபோனால் என்ன செய்வது என்பது இதைவிட முக்கியமானது. வெடி விபத்தும் ரோட்டு விபத்தும் அடிக்கடி ஆண்களைப் பறித்துக்கொள்கிற பிரதேசம் நம்முடையது. தாலி அறுக்கும் சடங்குக்கும் பதினாறாம் நாள் கருமாதிக்கும் நாள் கணக்குத் தவறாமல் பார்க்கின்ற பந்துக்கள், அந்த அம்மாளுக்கு வேறொரு நாள் கணக்கும் இருப்பதை எடுத்துச் சொல்வதில்லை. கணவன் இறந்த 30 நாளில் ஆபீசுக்குத் தெரிவித்துவிட்டால் 3 மாதம் அவ்வண்டியை அவள் வைத்து நடத்தலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் தன் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். கருமாதி செய்யத் தவறினால் இறந்தவனுக்கு ஒரு நஷ்டமுமில்லை. மனுச் செய்யத் தவறினால் இருப்பவளுக்கு வண்டியை விற்கவும் வழியில்லை.

இவ்வளவு எளிய காரியத்துக்கு நடுவில் ஒரு தரகர் எப்படி வந்தார்? கோயிலில் ஒருவர் எப்படி வந்தாரோ அப்படியேதான் வந்தார். தெரியாத பாஷை, புரியாத சொல், தனக்கென்று ஒரு தட்சணை. அவர் உச்சரிப்பதை நாம் கேட்கக் கூடாது. அவர் நிரப்புவதை நாம் படிக்கக் கூடாது. தவறு நேர்ந்தாலோ அவருக்குச் சம்பந்தமில்லை, அது நம் கர்மம்! இவருக்கு நாம் காணிக்கை கட்டுகிற வரையில், ஆபீசில் தமிழில் பலகை எழுதி வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படப் போவதில்லை. எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதைத்தான் சொல்லுகின்றோம்.

சர்க்காரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கின்றது. நம் நாட்டில் இனிஷியல் உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. 1929-இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் செய்தோம். அப்படி விட்டவருடைய ஆர்.சி.யில் அப்பா காலத்துப் பட்டம் வாலாக ஒட்டியிருக்க, ஆதாரில் அது இல்லாமலிருந்தால், இருவரும் வேறு வேறு ஆள் என்று மனுவைத் திருப்புவது என்ன நியாயம்? டீலராலோ ஆபீசாலோ நேர்ந்த பிழைக்கு வண்டிக்காரர் ஏன் நாள் கூலியை இழந்து நடக்க வேண்டும்? பதிவு முடிக்கும் முன்பு, விவரங்களைத் தமிழில் ஒரு புரூப்பாகக் கொடுத்து, படித்துக் கையெழுத்து வாங்கட்டும். தம் பக்கத்துப் பிழையைக் கட்டணமின்றித் திருத்திக் கொடுக்கட்டும். மனு தூங்கினால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி அதன் கதி என்னவென்று எழுதிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 30 நாளில் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை உண்டு.

விருதுநகரும் சிவகாசியும் இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த நாளில், 1930-ஐ ஒட்டிய காலத்தில், அந்த ஜில்லா போர்டின் தலைவராயிருந்தவர் தோழர் டபிள்யு. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். ஆதி திராவிடரை ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று அவர் உத்தரவு போட்டார். அதுவரை சாஸ்திரம் என்றும் விதி என்றும் சொல்லி அடைத்து வைத்திருந்த பஸ் கதவு, ஒரு காகிதத்துக்குத் திறந்தது. காகிதத்தை எழுதுவதும் திருத்துவதும் மனிதனே என்பதற்கு நம் ஜில்லாவிலேயே இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே தோழர்களே! இன்றிரவே சாமி படத்துக்குப் பின்னாலிருக்கும் அந்தக் கவரை எடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியில் இருக்கும் நம்பரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் வட்டம் போடுங்கள். காலையில் நீங்களே மனு எழுதுங்கள். நம்மிடம் வந்த தோழரும் இப்போது அதைத்தான் செய்திருக்கின்றார்.