கைத்துப்பாக்கி: பையில் அடங்கினால் போதுமா?

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது, எண்ணெய்க் கடை நடத்தும் இளைய உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "அண்ணாச்சி, நீங்க ரொம்ப வருஷமா லைசென்ஸ் வச்சிருக்கீங்க. பையில போட்டா வெளியே தெரியாத மாதிரி சின்னதா ஒரு பிஸ்டல் வேணும். எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவருக்கு முன்பே மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டு விட்டார்கள். வழிப்பறிச் செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் இன்னும் நாலு பேர் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட நமது இதழிலேயே எழுதி விடலாம் என்று தோன்றியது.

நான் ஆயுத வியாபாரி அல்ல, பருப்பு வியாபாரி. ஆனால் அந்த இளைஞர் கேட்கிற அதே பொருளை ஏழு ஆண்டுகள் சுமந்து திரிந்தவன். 1990களின் தொடக்கத்தில், வயதாகி விட்ட ஒருவரிடமிருந்து முறைப்படி உரிமத்தில் மாற்றி வாங்கிய பழைய வெளிநாட்டுப் பிஸ்டல் அது. 6.35 மி.மீ. ரகம். உள்ளங்கைக்குள் மறைந்து விடும். வேட்டிக்குள் போடும் பட்டாபட்டி டிராயர் பையில், கல்லாச் சாவி, கைக்குட்டை, சிட்டை நோட்டு ஆகியவற்றோடு அதுவும் கிடக்கும். இருப்பதே தெரியாது என்பதில் எனக்குப் பெருமை.

1998ஆம் ஆண்டு ஒட்டன்சத்திரம் பக்கம் வசூல் முடித்து விட்டு இரவில் பஸ் நிலையத்தை நோக்கி நடந்து வந்தேன். இருவர் எதிரே வந்து மணி கேட்டார்கள். கடிகாரத்தைப் பார்க்கக் குனிந்தேன். முகத்தில் மிளகாய்ப் பொடி. மிளகாய் வற்றலை மூட்டை மூட்டையாக விற்கிறவனுக்கு அது கண்ணில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வேட்டியைத் தூக்கி, டிராயர் பைக்குள் கைவிட்டு, கைக்குட்டையை விலக்கி, சாவிக் கொத்தின் அடியில் கிடந்த பிஸ்டலைத் தொடுவதற்குள் பையோடு 38,000 ரூபாயும் போய் விட்டது. கண் தெரியாத நிலையில் அதை எடுத்திருந்தால் யாரைச் சுட்டிருப்பேனோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். புகார் எழுதிய காவல் அதிகாரி முதலில் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "துப்பாக்கி பத்திரமா இருக்கா?" என்றுதான் கேட்டார்.

அடுத்த வாரம் ரைபிள் கிளப்பில் அதை எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். இரண்டாவது தோட்டா சிக்கிக் கொண்டது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே பருப்புத் தூசியும் துணிப் பஞ்சும் எண்ணெயோடு குழைந்து களி போல் இருந்தன. வியர்வை பட்ட இடங்களில் துரு. தினமும் சுமந்தேனே தவிர ஆறு மாதமாக அதைத் திறந்து கூடப் பார்க்கவில்லை. இருப்பது தெரியாத அளவுக்குச் சிறிய பொருளை மனிதன் கவனிப்பதில்லை. சிறிய பிஸ்டலின் பெரிய குறை அதன் தோட்டாவில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்மில் பலர் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது குற்றம் என்றும், வெளியே தெரியும்படி மாட்டிக் கொள்வதே முறை என்றும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 8ஆவது விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் போட்டு உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்கேற்ற பையில் வைத்திருக்க வேண்டும். அது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எப்போதும் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதும் கூடாது. பாக்கி தராதவர் முன்னால் மேஜை மேல் எடுத்து வைத்துப் பேசுகிற வீரம் சிலரிடம் உண்டு என்று கேள்விப்படுகிறேன். பாக்கியும் வராது, உரிமமும் போய் விடும்.

ஆகவே டிராயர் பை, சட்டைப் பை, மஞ்சள் பை எதுவும் முறையான இடம் அல்ல. பச்சைப் பெல்ட்டின் பர்ஸில் வைக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். கூடாது ஐயா. அதில் சாவியும் சில்லறையும் இருக்கும். ஒரு சாவி விசை வளையத்துக்குள் நுழைந்து கொண்டால் போதும், குண்டு நம் தொடையில் பாயும். விசையை முழுவதும் மூடுகிற கெட்டித் தோல் உறையும், தொய்யாத இடுப்புப் பட்டையும் இல்லாமல் துப்பாக்கி வாங்குவது, தராசு இல்லாமல் மளிகைக் கடை திறப்பது போலத்தான்.

எந்த ரகம் என்ற கேள்விக்கு வருகிறேன். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படம் போட்டு வரும் உள்ளங்கை அளவுப் பிஸ்டல்களில் பல 9 மி.மீ. ரகம். நமது நாட்டில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம்; சாதாரண வணிகருக்குக் கிடைக்காது. பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதியும் 1980களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டு விட்டது. அதனால்தான் பழைய வெளிநாட்டுச் சரக்குக்குக் கண்டபடி விலை சொல்கிறார்கள். பெயருக்காக லட்சக்கணக்கில் கொடுத்து, உதிரிப் பாகம் கிடைக்காத பொருளை வாங்குவது வியாபாரிக்கு அழகல்ல. நான் வாங்கினேன், அதனால் சொல்கிறேன்.

நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் .32 ரகமும் .22 ரகமும்தான். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வர் நீண்ட காலமாக இருந்து வருகிறது. 2014இல் டைட்டானியக் கலவையில் 'நிர்பீக்' வந்தது. பெண்களுக்கு என்று விளம்பரம் செய்தார்கள். எடை சுமார் 500 கிராம், விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அதன் பின் இஷாப்பூரிலிருந்து 'நிடர்' என்ற .22 ரிவால்வர், சுமார் கால் கிலோதான். 2023இல் கான்பூரிலிருந்து 'பிரபல்' வந்தது; .32 ரகம், 700 கிராம் அளவில். பிஸ்டல் என்றால் அரசுத் தொழிற்சாலையின் 'அஷானி', அதுவும் .32. வெப்லி அண்டு ஸ்காட் நிறுவனமும் உத்தரப் பிரதேசத்தில் .32 ரிவால்வர் செய்யத் தொடங்கி விட்டது.

இதில் ஓர் எச்சரிக்கை. ரிவால்வரின் .32 தோட்டா வேறு, பிஸ்டலின் .32 தோட்டா வேறு. எண் ஒன்றுதானே என்று மாற்றிப் போடக் கூடாது. பருப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் துவரையும் கடலையும் ஒன்றாகுமா?

பிஸ்டல் தட்டையாக இருப்பதால் இடுப்பில் புடைக்காது. அதனால்தான் எல்லோரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் அதைச் சுடுவதற்கு ஆயத்தமாக்க மேல் பாகத்தைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும். நம் ஒரு கையில் வசூல் பை இருக்கும், அல்லது ஷட்டர் பூட்டு இருக்கும். முன்கூட்டியே தோட்டாவை ஏற்றி வைத்துக் கொண்டு காலை முதல் இரவு வரை மூட்டைகளுக்கு நடுவே குனிந்து நிமிரலாம் என்றால், அதற்கு நாள் தவறாத பயிற்சியும் கவனமும் வேண்டும். அது போலீஸ்காரர்களுக்கு உண்டு. நமக்கு உண்டா?

ரிவால்வருக்கு ஒரு கை போதும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது முன்னால் வந்து விடும். விசை சற்றுக் கடினம்தான். அந்தக் கடினமே தவறுதலாக வெடிப்பதற்கு ஒரு தடை. பழைய மாதிரி என்றால் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விட்டு வைப்பது நல்ல பழக்கம். .22 ரகம் இலேசானது, கையில் உதைக்காது. ஆனால் வேகமும் குறைவு, அதன் தோட்டாவில் வெடிக்காமல் போவதும் சற்று அதிகம். மிக இலேசான .32 என்றால் கை மணிக்கட்டு வரை உதைக்கும். ஒரு முறை உதை வாங்கியவர் மறு முறை பயிற்சிக்குப் போக மாட்டார். எடை அதிகமானால் சுமக்கக் கஷ்டம், சுடச் சுலபம். எடை குறைந்தால் சுமக்கச் சுலபம், சுடக் கஷ்டம். வாங்குகிறவர் முதலாவதைத்தான் பார்க்கிறார், ஏனென்றால் கடையில் கையில் தூக்கிப் பார்க்கத்தான் முடியும், சுட்டுப் பார்க்க முடியாது.

என்னைக் கேட்டால், எழுநூறு கிராம் அளவில் உள்ள .32 ரிவால்வர், இடுப்பில் கெட்டித் தோல் உறை, மேலே தொளதொளப்பான சட்டை. இதைச் சுமக்க மனமில்லாதவர் சிறியதைத் தேடிப் போவதை விட, விண்ணப்பமே போடாமல் இருப்பது மேல்.

பலசரக்குக் கடைக்காரருக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. உப்பும் புளியும் இருக்கிற இடத்தில் இரும்பு நிலைக்காது. நம் ஊர் வியர்வையும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறி விடும். வாரம் ஒரு முறை தோட்டாக்களை எடுத்து விட்டுத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். கடை எண்ணெய் கூடாது. பிசுக்கு ஏறி விடும்! மடியிலேயே கிடந்து வியர்த்த தோட்டாக்களைப் பயிற்சியில் தீர்த்து விட்டுப் புதிது போட வேண்டும். மதுரை, கோவை, சென்னை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்புகள் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது போகாதவர் துப்பாக்கி வைத்திருப்பது வீண்.

உரிம விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவட்டங்களில் ஆட்சியரிடமும், சென்னை போன்ற போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் கமிஷனரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும்; போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. வெளி மாநிலக் கொள்முதலுக்குப் போகிறவர்கள், உரிமப் புத்தகத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

தேர்தல் அறிவித்து விட்டால் நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து விட வேண்டியிருக்கும். அதே நாட்களில்தான் ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டு போனால் பறக்கும் படை நிறுத்திக் கணக்குக் கேட்கும். கொள்ளைக்காரனுக்கும் பயந்து, ஜீப்புக்கும் பயந்து நாம் போக வேண்டிய காலம் அது. இதைப் பற்றி நம் சங்கங்கள் பேசாத மேடை இல்லை.

பிறகு, சுட்ட பின் என்ன ஆகும் என்பதையும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. கொள்ளையடிக்க வருகிறவனால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரில் நிற்கும்போதுதான் அந்த உரிமை அந்த அளவுக்கு நீளும். பையைப் பிடுங்கிக் கொண்டு திரும்பி ஓடுகிறவன் முதுகில் சுட்டால், நாம்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்போம். 1998இல் நான் கண்ணைத் திறந்தபோது அவர்கள் முதுகுதான் தெரிந்தது.

அந்தச் சின்னப் பிஸ்டலை நான் கைவிட்டதற்குக் காரணம் கொள்ளை கூட அல்ல. மறு ஆண்டு ஒரு மதியம், புழுக்கம் தாங்காமல் அதை எடுத்துக் கல்லாப் பெட்டியில், சில்லறைக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்து விட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பள்ளி விட்டு வந்த என் தம்பி மகன், ஆறு வயது, மிட்டாய்க்குக் காசு எடுக்கப் பெட்டிக்குள் கைவிட்டான். "பெரியப்பா, பொம்மை நல்லா இருக்கே" என்று குழலைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றான். கணக்குப்பிள்ளைதான் பின்னாலிருந்து மெல்ல அவன் கையைப் பிடித்து வாங்கினார். உள்ளே தோட்டா ஏறியிருந்தது. பெரிய ரிவால்வராக இருந்தால் அவன் தூக்கியிருக்க மாட்டான், பொம்மை என்றும் நினைத்திருக்க மாட்டான். அந்த மாதமே உரிமத்தில் மாற்றி எழுதி அதை விற்று விட்டு .32 ரிவால்வர் வாங்கினேன். அன்று முதல் அது என் இடுப்பில் இருக்கும், இல்லையேல் பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கும். மூன்றாவது இடம் கிடையாது.

விண்ணப்பம் வாங்கும் முன் எல்லோரும் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் தராசிலேயே எழுநூறு கிராம் துவரம் பருப்பை நிறுத்து, ஒரு கெட்டிப் பையில் தைத்து, இடுப்புப் பட்டையில் கட்டிக் கொள்ளுங்கள். கடை திறப்பது முதல் வீடு திரும்பும் வரை, ஒரு மாதம். கழற்றினால் பூட்டி வைக்க வேண்டும். எங்கேயாவது மறந்து வைத்து விட்டால் அதை ஒரு தாளில் குறித்துக் கொள்ள வேண்டும்.

எண்ணெய்க் கடைத் தம்பியிடமும் இதையேதான் சொன்னேன். சிரித்துக் கொண்டே பருப்பைக் கட்டிக் கொண்டு போனார். பதினெட்டு நாளாகிறது. தாளில் எத்தனை குறி விழுந்திருக்கிறது என்று இன்னும் வந்து சொல்லவில்லை.